இலவச நாசி லெமாக்கும் என் மறுதேர்வும்

மருத்துவர்கள் சங்கத்தில் மாணவர் உறுப்பினராக நான் சேர்ந்ததற்குச் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் எதுவும் கிடையாது. சுபாங் ஜெயாவில் நடக்கும் மாதக் கூட்டத்தில் கறிபாப் பலகாரம் சுடச்சுடக் கிடைக்கும் என்று வகுப்புத் தோழி சொன்னாள். கிடைத்தது. படிவத்தில் 'சேரும் நோக்கம்' என்ற இடத்தில் 'சமூக சேவை' என்று எழுதி வைத்தேன். அதைச் சங்கத்தின் செயலாளர் நம்பிவிட்டார்.

அப்போது நான் மருத்துவப் படிப்பில் நாலாம் ஆண்டு. நோயாளியிடம் பேசி விவரம் கேட்கும் தேர்வில் தோற்றுப்போயிருந்தேன். பத்து நிமிடம் கொடுத்தார்கள். நான் நாலே நிமிடத்தில் முடித்துவிட்டேன். மனப்பாடம் செய்த கேள்விகளை வரிசையாக வீச, நோயாளியான அந்த அம்மா "ஆமா", "இல்ல" என்று தடுத்து ஆடினார். மீதி ஆறு நிமிடமும் இருவரும் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று வாரத்தில் மறுதேர்வு. அதிலும் தோற்றால் ஒரு வருடம் திரும்பப் படிக்க வேண்டும். வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பயமாகவே இருந்தது.

இதற்கிடையில் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் சங்கத்தின் இலவச மருத்துவ முகாம். பிரிக்பீல்ட்ஸில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாதான் செயலாளர். மேசை போடும் பொறுப்பை என்னிடம் விட்டார். வீட்டு விசேஷத்துக்குப் போடுவது போலவே போட்டேன்: வாசலிலேயே சாப்பாடு, அதைத் தாண்டி நாற்காலிகள், கடைசியில் இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் மேசை. வந்தவர்களை வெறும் வயிற்றோடு உட்கார வைக்கலாமா? வெறும் வயிற்றோடு வரச்சொல்லி நோட்டீஸ் அடித்ததே நாங்கள்தான் என்பது அப்போது நினைவில் இல்லை. ஆளுக்கொரு நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் கட்டிய பொட்டலம்; கூடவே இனிப்பு தூக்கலான ஒரு தே தாரிக் டீ. வேண்டாம் என்றவர்களையும் நான் விடவில்லை.

ஒரு மணி நேரத்தில் கிள்ளானில் பாதிப் பேருக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. டாக்டரம்மா வாசல் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்தார்.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் என்ன சாப்பிட்டாங்க, எப்ப சாப்பிட்டாங்கன்னு கேட்டு எழுதிட்டு வா. ஒருத்தரையும் விடாத."

கேட்டால் சொல்லிவிடுவார்களா? சட்டையில் சம்பல் கறை இன்னும் காயாத ஓர் அங்கிள், "ஒண்ணுமே சாப்பிடலமா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தேன். "தே தாரிக் மட்டும் குடிச்சேன். அது தண்ணிதானே லா."

ஓர் ஆன்டி, மகனும் மருமகளும் ரவாங்குக்குத் தனிக்குடித்தனம் போன கதையை எடுத்தார். நடுவில் நான் கேள்வி கேட்டபோதெல்லாம் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. வாயை மூடிக்கொள்வதே லாபம் என்று மூடிக்கொண்டேன். கடைசியில் அவராகவே சொன்னார்: ஒருத்திக்கு எதற்குச் சமையல் என்று, மாதக்கணக்கில் மூன்று வேளையும் ரொட்டியும் சர்க்கரை போட்ட டின் பாலும்தான். என் நாசி லெமாக்கை விட அது பெரிய விஷயம். மாலைக்குள் முப்பது பேருக்கு மேல் பேசி முடித்திருந்தார்கள்.

மறுதேர்வில் எனக்கு வாய்த்தவர், நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் சேர்ந்திருந்த ஒரு லோரி ஓட்டுநர். முதல் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அவரும் சும்மா இருந்தார். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் ஓட்டுநர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். நேரம் முடிந்து மணி அடித்தது; தேர்வாளர் அவரை நிறுத்தவில்லை.

"போன வாரம்தான் வலி வந்துச்சின்னு வார்டுல சொன்னேன். ஆறு மாசமா வருதுமா. ஓட்டும்போதே ரெண்டு தடவ கண்ண இருட்டிருச்சி. சொன்னா லைசென்ஸ் போயிடுமோன்னு பயம்."

தேர்வாளர் என் மதிப்பெண் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய கோப்பைத் திறந்தார். தேறிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. நான் நாலு நிமிடத்தில் முடித்திருந்தால் இந்த மனுஷன் இதைச் சொல்லாமலே லோரி ஏறப் போயிருப்பாரே என்றுதான் தோன்றியது.