சொர்ணம் எடுக்க நினைத்த பாடம்

சொர்ணத்தின் தம்பி செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு மதுரையில் என் அலுவலகத்துக்கு போன் செய்தார். "கோமுக்கா, அக்கா காலையில போயிட்டாவ" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்பிட்டாளா?" என்று கேட்டுவிட்டேன். அவரும் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளாமல், "அரை இட்லி சாப்பிட்டாவ" என்று பதில் சொன்னார். நான் பஸ் பிடித்துத் தென்காசி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அவள் பாடம் நடத்திய உங்கள் பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கும் போயிருந்தேன். அவளிடம் படித்த ஒரு பெண், "எங்க பாட்டனி டீச்சர் அந்தப் பாடத்துக்காகவே பிறந்தவங்க" என்று பேசினாள். உங்களில் பலரும் ஆமென்று தலையாட்டினீர்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது. சொர்ணம் கல்லூரியில் எடுக்க நினைத்தது தமிழ் இலக்கியம். தாவரவியலைக் கேட்டவள் நான். பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நீங்கள் கேட்டதால் இதையே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் பாளையங்கோட்டையில் பி.யு.சி. படித்தோம். ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை. நான் படம் வரைவேன். அவள் நாடகம் எழுதுவாள். விடுதி விழாவுக்கு அவள் எழுதிய நாடகத்தில், சாம்பாரிலிருந்து காணாமல் போன பருப்பைத் தேடி ஒரு போலீஸ்காரர் வருவார். திரைச்சீலையில் விடுதிச் சமையலறையை நான் தீட்டியிருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து வார்டனம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் சாம்பாரிலும் பருப்பைக் காணோம். "நாடகம் போட்டா நாடு திருந்தும்னு சொன்னவன் எவம்ட்டி?" என்றாள் சொர்ணம்.

பி.யு.சி. முடிந்து பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போடும் நேரத்தில்தான் சிக்கல் வந்தது. எனக்குச் சென்னைக்குப் போய் ஓவியம் படிக்க ஆசை. அந்தப் பேச்சு அம்மாவைத் தாண்டவில்லை. "படம் போடுதவளை எவன் கெட்டுவான்?" என்று அடுப்படியிலேயே முடித்துவிட்டாள். தாவரவியல் எடுத்தால் மூன்று வருஷம் இலையும் வேருமாக வரைந்துகொண்டே இருக்கலாம், அதை யாரும் குறை சொல்ல முடியாது என்று கணக்குப் போட்டேன். சொர்ணத்துக்கு அப்படிச் சுற்றுவழி எதுவும் தேவைப்படவில்லை. தமிழ் எடுக்கப்போவதாக அவள் பள்ளிக்கூட நாளிலிருந்தே சொல்லி வந்தாள்.

எங்கள் அப்பாக்கள் இருவரும் கூடிப் பேசினார்கள். சொர்ணத்தின் அப்பா, "ரெண்டு பிள்ளையளும் ஒரே கிளாசுன்னா அனுப்புவோம் அண்ணாச்சி. ஒண்ணு அங்கன, ஒண்ணு இங்கன இருந்தா என்ன துணை?" என்றார்.

"அதானே. அதுக்கு ரெண்டும் வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார் என் அப்பா.

"ஒரே ஹாஸ்டல்தானப்பா" என்றேன்.

"கிளாசு விடுத நேரம் வேறவேறயா இருக்கும்லா? தனியாவா நடந்து வருவே?"

"கிளாசுக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவுல ஒரு வேப்பமரம்தான் இருக்கு" என்று சொர்ணம் என் காதில் முணுமுணுத்தாள். சத்தமாகச் சொல்லும் தைரியம் இருவருக்கும் இல்லை.

ஆக, ஒருத்தி விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் தென்காசியின் பெரிய கோயில் பிரகாரத்தில் ஒரு சாயங்காலம் இதை வைத்துச் சண்டை போட்டோம். அவளுடைய காரணங்கள் நல்லவை. என்னுடையவையும் மோசமில்லை. கடைசியில் நான், "தமிழ்னா நான் வரலை. வீட்டிலேயே இருந்துக்கிடுதேன்" என்றேன்.

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

நான் போகாவிட்டால் அவளையும் அனுப்பமாட்டார்கள். என் வீட்டில் அப்போது கல்யாணப் பேச்சு எதுவும் இல்லை. அவளுக்குச் செங்கோட்டையிலிருந்து ஒரு ஜாதகம் வந்திருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

சாரல் தொடங்கியிருந்த நாட்கள் அவை. இரண்டு வீட்டுப் பெண்களுமாகக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். அருவிக்கரையில் தலை துவட்டும்போது நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை என்பதைச் சொர்ணத்தின் அம்மா கவனித்துவிட்டார். "இலஞ்சியில இறங்கி முருகன்கிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். அவன் சொன்ன பெறகு ரெண்டும் வாயைத் திறக்கப்பிடாது" என்றார். எங்கள் பக்கத்தில் நிலம் வாங்குவதிலிருந்து பெண் கொடுப்பதுவரை எதற்கும் அப்படிக் கேட்பதுண்டு. சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனியே இலையில் பொதிந்து சாமி காலடியில் வைப்பார்கள். பட்டர் ஒரு பொட்டலத்தை எடுத்துத் தருவார். சிவப்பு வந்தால் தாவரவியல், வெள்ளை வந்தால் தமிழ் என்று அம்மாக்கள் முடிவு செய்தார்கள்.

பட்டர் எடுத்த பொட்டலத்தைச் சொர்ணத்திடம் கொடுத்தார். எங்களில் அவள்தான் மூன்று மாதம் மூத்தவள். அவள் இலையைப் பாதி விரித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு நந்தியாவட்டை இதழ் வெள்ளையாகத் தெரிந்தது. அவள் இலையை மூடினாள். என்னை ஒருமுறை பார்த்தாள்.

"சிவப்பு" என்றாள்.

அம்மாக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொட்டலத்தை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். காட்டு என்று யாரும் கேட்கவில்லை. சந்நிதியில் நின்று ஒரு பெண் பொய் சொல்லுவாள் என்ற எண்ணம் எங்கள் வீடுகளில் எவருக்கும் வராது. நான் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரும்பும் பஸ்சில், "குளிருது" என்றேன். "தலையை ஒழுங்கா துவட்டு" என்றாள்.

தாவரவியல் வகுப்பில் அவள் முதல் வருஷம் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவளுக்குக் கோடு நேராக வராது. பதிவு நோட்டைப் பார்த்துவிட்டு எங்கள் விரிவுரையாளர், "இது என்னம்மா, வேரா, எலி வாலா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. "ஆணிவேர் மேடம். கொஞ்சம் பயந்துபோயிருக்கு" என்றாள் சொர்ணம். விரிவுரையாளரும் சிரித்துவிட்டார். அன்று விடுதியில், "கொண்டா, நான் வரைஞ்சு தாரேன்" என்று கேட்டேன். கொடுக்கவில்லை. "பரீட்சையில நீயா வந்து வரைவே?" என்று சொல்லிவிட்டு ஒரே செம்பருத்தியைத் திரும்பத் திரும்ப வரைந்தாள். இதழைத் தொட்டுப் பார்ப்பாள், எண்ணுவாள், பிறகு வரைவாள். "படம் அழகா இல்லைன்னா போகுது, பாத்ததைப் போட்டிருக்கியா?" என்று அவள் உங்களைக் கேட்டிருப்பாள். அந்தக் கேள்வியை முதலில் அவள் தன்னிடம்தான் கேட்டுக்கொண்டாள். மூன்றாம் வருஷம் செய்முறைத் தேர்வில் என்னைவிட அவளுக்கு மதிப்பெண் கூடுதல்.

பட்டம் வாங்கிய மறுவருஷம் எனக்குக் கல்யாணமானது. மதுரைக்குப் போனேன். டெலிபோன் ஆபீசில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு ஓர் இலையைக்கூட வரைந்ததில்லை. சொர்ணம் ஆசிரியர் படிப்பான பி.டி. முடித்து, கடையம் பக்கத்தில் உங்கள் பள்ளிக்கு வந்தாள். மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். பிள்ளைகள் கொண்டுவந்த பூச்சி அரித்த இலைகள், ஆண்டு விழாவுக்கு அவள் எழுதும் நாடகம், தலைமையாசிரியர் அதில் வெட்டிய வசனம் என்று எல்லாம் இருக்கும். இலஞ்சியைப் பற்றி அவளும் எழுதியதில்லை, நானும் எழுதியதில்லை.

போன மாதம், உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த அவளைப் பார்க்கப் போயிருந்தேன். மெலிந்திருந்தாள். குரல் மட்டும் பழைய குரல். இனிமேல் கேட்க நேரம் இருக்காது என்று எனக்குப் பட்டது.

"அன்னைக்கு வெள்ளைதானே வந்துச்சு?"

"ஆமா. நீயுந்தானே பாத்தே."

"ஏன் சொர்ணம் அப்படிச் சொன்னே?"

"நீ வரமாட்டேன்னுட்டே. நீ வராட்டா என்னைச் செங்கோட்டையில தள்ளியிருப்பாவ. எனக்கு காலேஜ் வேணும். பாட்டனியாவது கிடைக்கட்டுமேன்னு நினைச்சேன். உனக்காக ஒண்ணும் செய்யலை, பெருமைப்பட்டுக்கிடாதே."

சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"தமிழ் படிச்சிருக்கலாம்னு தோணுமா?"

"தோணும்" என்றாள். தம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, "இத்தனை வருசமா ஏன் கேக்கலை?" என்றாள்.

"பயம்."

"எனக்கும்தான். நீ கேட்டா ஆமான்னு சொல்லிருவேன்லா."

பிறகு என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். நான் கிளம்பும்போது வெயிலுக்கு முந்திய பஸ்சைப் பிடிக்கச் சொன்னாள்.

என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லுவாள் என்ற நினைப்போடுதான் அன்று போயிருந்தேன் என்பது பஸ்சில் வரும்போது எனக்குப் புரிந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. குறையாகவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பிடிவாதம் பிடித்து வாங்கிய பாடத்தை நான் விட்டுவிட்டேன், அவள் அதைக் கற்றுக்கொண்டு உங்களுக்குக் கொடுத்தாள். நீங்கள் பெற்றது குறைவில்லை. அதனால் என் கணக்கு நேராகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். "தோணும்" என்றாளே, அந்த ஒரு வார்த்தையை அவள் எனக்காக மாற்றிச் சொல்லவில்லை. அவளிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.