கோப்பையை ஆட்டாத விருந்தாளி

நம்பச் சொல்லி யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. வளைகுடா நாட்டில், இப்ரி என்ற பாலைவன ஊரில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை ஹாரிபுடையது, டயர் வியாபாரம். பொய் சொல்ல வராத ஆள். தேய்ந்த டயரைத் தேய்ந்தது என்றே சொல்லி விற்பான், அதனாலேயே பாதி வியாபாரம் படுத்துவிடும். ஒரே ஒரு முறை என்னிடம் இதைச் சொன்னான். சொல்லி முடித்ததும் கடை வாசலில் போய் வாந்தி எடுத்தான். இட்டுக்கட்டுகிறவனுக்கு வாந்தி வருமா? நீங்களே சொல்லுங்கள்.

ஜூலை மாதம். தெற்கே சலாலாவில் மழை தொடங்கிவிட்டால் அதைப் பார்க்கப் போகாமல் இங்கே யாருக்கும் வீட்டில் கால் தங்காது. ஹாரிப், கல்ஃபான், ஸாஹிர் மூன்று பேரும் ஒரு வண்டியில் கிளம்பினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். ஸாஹிருக்கும் ஹாரிபின் தங்கை ரய்யாவுக்கும் அடுத்த மாதம் கல்யாணம்.

"அவரைப் பத்திரமா கொண்டாந்து விட்டுடுண்ணே" என்றாள் ரய்யா.

"உன் மாப்பிள்ளைக்கு நான் பொறுப்பு. போதுமா?" என்றான் ஹாரிப்.

கெடுத்தது கல்ஃபானின் வாய். "தார் ரோட்டுல போறதுக்கு நாம என்ன கிழடுங்களா? எனக்குக் குறுக்கு வழி தெரியும்டா!" அவனுக்குத் தெரிந்த வழி விடியற்காலையில் ஓர் உப்புத் தரையில் போய் முடிந்தது. அதன் மேலே மெல்லிய ஓடு, கீழே சேறு. வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. பாலைவனத்துக்கு ஒற்றை வண்டியில் போகக் கூடாது என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். இவர்களுக்கும் தெரியும்தான்.

ஸாஹிர் பிடிவாதக்காரன். போதும் என்று சொல்லச் சொல்ல, வெயிலில் நின்று சக்கரத்தைத் தோண்டினான். நண்பகலில் அவனுக்கு வியர்ப்பது நின்றது. உடம்பு கொதித்தது. ஹாரிபைப் பார்த்து, "உம்மா... கதவைத் திற" என்றான்.

ஹாரிப் அவன் அக்குளில் கை கொடுத்து வெயிலை விட்டு இழுத்தான்.

வண்டி ஓரமாகத் தார்ப்பாயைக் கட்டி அவனைப் படுக்க வைத்தார்கள். கேனில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. காப்பி குடிக்கும் பிடியில்லாத சின்னக் கோப்பையில் அளந்து, அரை மணிக்கு ஒரு தடவை ஸாஹிருக்குக் கொடுத்தார்கள். இவர்கள் இருவரும் விரலை நனைத்து உதட்டில் தடவிக்கொண்டதோடு சரி.

"சாயங்காலம் வரைக்கும் தாங்குவானாடா?" என்றான் கல்ஃபான். அவன் பேச்சில் கிண்டல் போய்விட்டிருந்தது.

"தாங்கணும். ரய்யா கிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

மூன்று மணி இருக்கும்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

ஹாரிப் திடுக்கிட்டுத் திரும்பினான். ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அந்த ஓட்டின் மேல் யார் கால் வைத்தாலும் அப்பளம் மாதிரி நொறுங்கும். காலையிலிருந்து அவர்கள் கேட்டதெல்லாம் அந்தச் சத்தத்தைத்தான். இவர் வந்தபோது ஒரு நொறுக்கும் கேட்கவில்லை.

அந்த வெயிலில் நடந்து வந்தவர் உடம்பில் ஒரு துளி வியர்வை இல்லை. உதடு மட்டும் வெடித்துக் கிடந்தது. சலாம் சொன்னால் அடுத்ததாகச் சேதி விசாரிப்பதுதான் அவர்கள் வழக்கம். எதிரியைப் பார்த்தாலும் விசாரிப்பார்கள். இவர் விசாரிக்கவில்லை. தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

வந்தவருக்கு முதலில் குடிக்கக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் யார், எவர், எங்கிருந்து என்று கேட்பது அசிங்கம். அதோடு, விருந்தாளி காலிக் கோப்பையை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினால்தான் போதும் என்று அர்த்தம். ஆட்டாமல் நீட்டினால் மறுபடி ஊற்ற வேண்டும். காப்பிக்கு வந்த பழக்கம்தான். ஆனால் அந்தக் கோப்பை கையில் இருந்தால் தண்ணீருக்கும் கை அப்படியே போகும்.

ஹாரிப் ஊற்றினான்.

பெரியவர் குடித்தார். மடக்... கோப்பையை நீட்டினார். ஆட்டவில்லை.

பின்னால் ஸாஹிர் லேசாக இருமினான்.

மறுபடி ஊற்றினான். மறுபடி நீட்டினார்.

கல்ஃபான் ஹாரிபின் காதோரம் வந்தான். "யாருன்னு கேளேன்டா!"

"குடிச்சு முடிக்கட்டும்."

"அதுக்குள்ள தண்ணி முடிஞ்சிரும்டா! அவன் அங்க செத்துக்கிட்டு இருக்கான்."

"நம்ம ஆளுங்க யாராவது பாலைவனத்துல வந்தவனுக்குத் தண்ணி இல்லைன்னு சொல்லியிருக்காங்களா? நான் சொல்லட்டுமா?"

கல்ஃபான் கேனைப் பார்த்துவிட்டு விலகினான். அவனாலும் சொல்லியிருக்க முடியாது.

ஹாரிப் ஊற்றினான். ஒவ்வொரு முறையும் கோப்பையில் கொஞ்சம் குறைத்து ஊற்றினான். ஆட்டுங்கள், பெரியவரே... ஒரு தரம் ஆட்டுங்கள்... மனதுக்குள் கெஞ்சினான். கேன் இலேசாகிக்கொண்டே வந்தது. இவ்வளவு குடித்தும் அவருடைய உதடு நனையவே இல்லை. வெடிப்பில் உப்பு பூத்திருந்தது.

மடக்... பின்னால் இருமல்.

மடக்... இருமல்.

பெரியவர் விழுங்கும்போதெல்லாம் ஸாஹிர் இருமினான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"டேய், அவனுக்கு வலிப்பு வருதுடா!" கல்ஃபான் அலறினான்.

ஹாரிப் திரும்பிப் பார்த்தான். அவன் கை தன் போக்கில் ஊற்றிக்கொண்டே இருந்தது.

ஸாஹிரின் கண்கள் பிதுங்கியிருந்தன. வலது கை மேலே உயர்ந்திருந்தது. கட்டை விரலும் இரண்டு விரலும் எதையோ பிடித்த மாதிரி குவிந்திருந்தன. விரல்களுக்கு நடுவே ஒன்றும் இல்லை.

அந்தக் கை ஆடியது.

இடம்... வலம்... இடம்... வலம்...

வலிப்பு இல்லை.

போதும் என்கிறான்!

மடக்...

"ஊத்தாதேடா ஹாரிப்!"

ஹாரிப் கேனைக் கவிழ்த்தான். மிச்சமிருந்த தண்ணீர் முழுவதும் உப்பில் இறங்கியது.

விழுங்கும் சத்தமும் இல்லை, இருமலும் இல்லை.

பெரியவர் அவனைப் பார்த்தார். முதல் முறையாகக் கோப்பையை ஆட்டினார். தரையில் வைத்தார். எழுந்தார்.

நொறுக்குச் சத்தம் இல்லாமல் நடந்து போனார்.

ஸாஹிரின் கை கீழே விழுந்திருந்தது.

இருவரும் அவனைப் பிடித்து உலுக்கினார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் முகமெல்லாம் ஈரமாக இருந்தது. காய்ச்சல் இறங்கி வியர்க்கிறது என்று நினைத்து, கல்ஃபான் ஒரு நிமிஷம் சிரித்தே விட்டான். பொழுது சாயும் நேரத்தில் ஒட்டகத் தீவனம் ஏற்றிய லாரி ஒன்று அவர்கள் ஆட்டிய சட்டையைப் பார்த்து நின்றது. லாரிக்காரர் ஸாஹிரின் முகத்தைத் துணியால் மூடினார். அதுவரை இருவரும் மாறி மாறி அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். கோபமாக இருந்தார்.

"எங்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. எந்தக் கடல்ல குளிச்சீங்க?"

"கடலா? கடல் எங்க டாக்டர் இருக்கு? நாங்க மணலைத் தவிர ஒண்ணையும் பாக்கல."

"வெயில்ல சாகலப்பா இந்தப் பையன். நுரையீரல் ரெண்டும் தண்ணி. வயிறு முட்டத் தண்ணி. மூழ்கிச் செத்திருக்கான்."

அவர்கள் கொண்டுபோன கேனில் அத்தனை தண்ணீர் கொள்ளாது. அதையும் டாக்டரே சொன்னார்.

அன்று மாலை அடக்கம் முடிந்து ஹாரிப் வீட்டுக்குள் நுழைந்தான். ரய்யா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். அண்ணன்மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தாகத்தோடயா அண்ணே போனாரு? கடைசியா ஒரு வாய் தண்ணியாவது ஊத்துனியா?"

"ஊத்தினேன்மா" என்றான் ஹாரிப். "நான்தான் ஊத்தினேன்."

அவள் எழுந்து வந்து, அண்ணனின் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.