நசுக்கிக் கொடுத்த மாத்திரை

எண்பதுகளின் நடுவில், ஒரு ரமலான் மாதம். நல்ல மே மாத வெயில். சென்னையில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த நான், விடுமுறைக்குச் செஞ்சி வந்திருந்தேன். உடம்புக்குள் தானே கரைந்துபோகும் பாலிமரில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் செய்து, அவற்றில் மருந்தை அடைத்து, செல்லுக்குள் போய் மெல்ல மெல்ல வெளியே விடும்படி செய்வதுதான் என் ஆராய்ச்சி. அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

என் தகப்பனார், அத்தாவுக்கு ஆஸ்துமா. மூன்று வேளை மாத்திரை போட வேண்டும் என்பதால் நோன்பை விடச் சொன்னோம். அவர் கேட்கிற ஆளா? கடைசியில் கடைத்தெரு டாக்டர், நாளுக்கு ஒன்று போதும் என்று புது மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் மாத்திரையை முழுசாக விழுங்க வராது. நசுக்கிக் கொடுப்பதுதான் வழக்கம். அன்று நோன்பு திறந்ததும் நானே இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து மாவாக்கி, கஞ்சியில் கலந்து கொடுத்தேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அத்தா வாந்தி எடுத்தார். கை வெடவெடவென்று நடுங்கியது.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுடா, நிக்க மாட்டேங்குது" என்றார்.

மணிக்கட்டைப் பிடித்தேன். துடிப்பை எண்ணவே முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுக்க, அத்தாவை நடுவில் உட்காரவைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். வழியெல்லாம் அவர் தலை என் தோளில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. யா அல்லாஹ், எனக்கு உயிரே இல்லை.

டாக்டர் தொட்டுப் பார்த்ததும், "மாத்திரைய எப்படிக் குடுத்தீங்க?" என்றார்.

"நசுக்கித்தான் சார்..."

"அடப்பாவி! நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா கரைய வேண்டிய மருந்துப்பா அது. நசுக்கினா மொத்தமும் ஒரே அடியா ரத்தத்துல ஏறிடும். ஆமா, நீ இன்னா படிக்கிற?"

வெட்கத்தில் தலை குனிந்து நின்றேன்.

ஊசி போட்டு, சலைன் ஏற்றினார்கள். அத்தாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் துடிப்பு எண்ணுகிற அளவுக்கு இறங்கியது. அத்தா கண்ணைத் திறந்து, "மூஞ்சி ஏன்டா இப்பிடி வெளுத்துக்கெடக்குது? சாப்டியா நீ?" என்றார். அழுதுவிட்டேன்.

பிறகு எத்தனையோ புது மருந்துகளை உருவாக்கும் வேலை பார்த்துவிட்டேன். ஆனால், வாங்கிப் போகிறவர் வீட்டில் இதை எப்படிச் சாப்பிடுவார் என்று கேட்காமல் எதற்கும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ள, பெற்ற தகப்பனின் உயிரையே பணயம் வைத்தவன் நான்.