பெயிண்ட் புகைதான் என்றேன்

எங்கள் வீட்டில் பொடி எழுத்தைப் படிக்கிற வேலை என்னுடையது. மாத்திரை அட்டையோ மிக்ஸியோடு வந்த காகிதமோ, எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு டிப்பர் லாரி. அவரே டிரைவர். நெய்வேலியில் கரி ஏற்றி வெளியூர் ஆலைகளுக்குக் கொண்டுபோவார். அந்த வாரம் வண்டியை எஃப்.சி. சோதனைக்குக் காட்ட வேண்டும். சைலன்சரோ துருவேறிக் கிடந்தது. அவருக்குத் தோள்பட்டை பிடித்திருந்ததால் நானே இறங்கினேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, உப்புத்தாள் பிடித்து, தின்னரால் துடைத்து, சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்டை இரண்டு கை அடித்தேன். பெயிண்டர் கெட்டான் போங்கள், அப்படி வந்திருந்தது.

டப்பாவில் இருந்ததை அவருக்கு வாசித்தும் காட்டினேன். முதல் தடவை சூடேறும்போது புகை வரும், பயப்பட வேண்டாம். வண்டியை நிறுத்திவைத்தே இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும் என்று அதற்குக் கீழே இருந்தது. அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? லோடு போகிற சூட்டில் தானாக இறுகிவிடும் என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை லோடு சேத்தியாத்தோப்பு வழியாகப் போனது. அங்கே தங்கை வீடு என்பதால் நானும் ஏறிக்கொண்டேன். வடலூரைத் தொடுவதற்கு முன்பே கண்ணாடியில் புகை தெரிந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார்.

"பொகையுதுடி."

"டப்பாவுல போட்டிருந்துச்சே, மறந்துட்டீங்களா? பெயிண்டுதாங்க."

"எனக்குத்தான் மூக்கு வேலை செய்யல. நல்லா மோந்து சொல்லு."

கொரோனாக் காய்ச்சல் போகும்போது அவருடைய வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்கும் சேர்த்து என் மூக்குதான். பால் திரிந்ததா, கேஸ் கசிகிறதா, சட்டை நாறுகிறதா, எல்லாம் என்னிடம்தான் கேட்பார். நான் தலையை வெளியே நீட்டி மோந்தேன். பெயிண்ட் வாசனைதான். அந்த நேரத்துக்கு அது நிஜம்.

வடலூர் தாண்டியதும் எதிரே வந்த பஸ்காரர் ஹாரனை விடாமல் அழுத்தினார். பைக்கில் வந்த ஒருவர் பக்கத்திலேயே வந்து கத்தினார்.

"யக்கா, லாரி பொகஞ்சிகினு வருது!"

"பெயிண்ட் அடிச்சிருக்கோங்க!" என்று நான் சிரித்தேன்.

வீட்டுக்காரர் மறுபடியும் கேட்டார். "இன்னொரு வாட்டி மோந்து பாரேன்."

நான் தலையைக்கூடத் திருப்பவில்லை. "பெயிண்டுதான், ஓட்டுங்க" என்றேன்.

கரி புகைகிற வாசனை நெய்வேலியில் பிறந்தவளுக்குத் தெரியாதா? கோடையில் குவித்துவைத்த கரி தானாகவே கனன்று புகையும். ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவின் சட்டையில் அதை மோந்து வளர்ந்தவள் நான். மோந்திருந்தால் தெரிந்திருக்கும். மோக்கவே இல்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு லாரிக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் குதித்தார். "லோடு எரியுதுங்க! எறங்குங்க!"

இரண்டு பேரும் இறங்கி ஓடினோம். வீட்டுக்காரர் லோடை மூடியிருந்த தார்ப்பாயின் ஒரு மூலையை அவிழ்த்துத் தூக்கினார். காத்திருந்தாற்போலத் தீ எழுந்து அவர் முகத்தில் அடித்தது. புருவம் பொசுங்கியது. வலது கை முழங்கை வரைக்கும் சிவந்து தோல் உரிந்தது. நான் கத்தினேனா என்றுகூட நினைவில்லை. அந்தக் கையோடு ஏறி, வண்டியைப் பக்கத்துப் பொட்டலில் இறக்கி, தொட்டியைத் தூக்கி லோடைக் கொட்டினார். கரி சரிந்தபோது உள்ளே அடுப்பைப் போல் சிவந்து கிடந்தது. பக்கத்து வயல்காரர்கள் மோட்டார் போட்டுத் தண்ணீர் அடித்தார்கள்.

எனக்கு அப்போதுதான் குனிந்து பார்க்கத் தோன்றியது. சைலன்சரில் ஒரு துளி புகை இல்லை. அடித்த பெயிண்ட் கொப்புளம்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. அது எப்போதோ புகைந்து முடித்திருக்கிறது. வடலூர் தாண்டியதிலிருந்து நான் பெயிண்ட் என்று சொன்னது அவர் முதுகுக்குப் பின்னால் எரிந்த நெருப்பை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எப்படி ஆனது என்று கேட்ட டாக்டரிடம் அவர் என் பெயரை இழுக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது தீர்த்திருப்பேன்.

கட்டுப் பிரித்த வாரத்தில் ஒருநாள் காலை, முந்தின நாள் மீன் குழம்புச் சட்டியைக் கையில் எடுத்தார். நான் அடுப்புப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என்னிடம் நீட்டப்போகிறார் என்று ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டி வெளியே போய்ப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"யக்கா, இது கெட்டுப்போச்சான்னு கொஞ்சம் மோந்து சொல்லுங்க."

குரலில் கோபம் துளியும் இல்லை.