பூசணிக்காயும் ஆதி பௌத்தமும்

குளிர் கூடிய நாடுகளில் நான் சுலபமாக மதம் மாறுவேன். கள்ளமாக ஐரோப்பாவுக்கு ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் என்னை மாஸ்கோவில் கைவிட்ட பனிக்காலத்தில், சுடுசோறு போட்ட பஜனைக்காரரோடு சேர்ந்து மொட்டை அடித்துக்கொண்டேன். இத்தாலியில் கம்பளி தந்த சபை ஒரே கிழமையில் என்னைத் தண்ணீரில் முக்கி எடுத்தது. இரண்டு இடத்திலும் என் பக்தி உண்மையானதுதான். வெயில் வந்ததும் போய்விட்டது.

ஒஸ்லோவில் பனிக்கு நூலகத்தில் ஒதுங்கியபோது, ஆதி பௌத்தம் பற்றிய தமிழ்ப் புத்தகம் ஒன்று கையில் பட்டது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குப் பாதிதான் விளங்கியது. அதில் வருகிறவர்கள் காலையில் சண்டைக்கு வந்து மாலையில் சீடராகிறார்கள். எனக்குத் தெரிந்த ஆட்கள் மாதிரி இருந்தது.

மறுபடி மாறப்போவதாக அக்காவிடம் சொன்னேன். நகரத்து ஓரமாக ஸ்டோவ்னரில் அவள் வீட்டுப் பின்னறையில்தான் அப்போது இருந்தேன்.

“இந்த முறை ஆரடா?”

“புத்தர்.”

சட்டிக்குள் கரண்டி நின்றது. “ஊரிலை ஆமிக்காரர் பிடிச்ச எங்கட காணியிலை சிலையா வந்து குந்தின ஆளோ?”

“அந்த விசயம் அவருக்குத் தெரியாதக்கா.”

“தெரியாட்டி போய்ச் சொல்லு. அப்பிடியே உன்ரை பையையும் கட்டு.”

பை கட்டுவது எனக்குப் பழக்கம். ஆனால் முழங்கால் வீங்கியிருந்தது. போக மனமும் இல்லை. அதனால் புத்தகத்தில் படித்த ஒரு பணக்காரனின் கதையைச் சொன்னேன். வேறு மதத்துக்காரன். புத்தரை வாதத்தில் மடக்க வந்து, தோற்று, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். அவரோ நன்றாக யோசித்துப் பார் என்கிறார். அதைக் கேட்டதும் அவனுக்குப் பற்று இரட்டிப்பாகிறது. உன் பழைய துறவிகளுக்குச் சோறு போடுவதையும் நிறுத்தாதே என்கிறார். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது: என்னை மாற்றியவர்கள் எல்லாருமே அவசரப்பட்டவர்கள்.

“பழைய இடத்தை விடவேண்டாமெண்டு அவரே சொன்னவரோ?”

“ஓம்.”

“அப்ப வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போ. அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்ட ஆள் காணாது. மிச்சத்தை ஆறுதலா யோசி. அறை எங்கையும் ஓடாது.”

மூன்று வருடமாக யோசிக்கிறேன். இவ்வளவு காலம் ஒரே முகவரியில் நான் இருந்ததில்லை. சில வெள்ளிகளில், கோயில் சமையலறையில் அக்கா கேட்பாள்:

“முடிவெடுத்திட்டியோ?”

“இல்லையக்கா.”

“அவசரமில்லை” என்று அடுத்த பூசணியை என் பக்கம் உருட்டிவிடுவாள்.