தவுக்கே இறங்காத லாரி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஒரு லாரி ஏன் கிளம்பவில்லை என்பதை அதன் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஜப்பான்காரன் காலத்தில், ஒரே ஒரு லாரி விஷயத்தில் மட்டும் மூன்று நாள் பார்த்தும் அவருக்குக் காரணம் பிடிபடவில்லை. எட்டு வயதில் நான் அப்படித்தான் நம்பினேன்.

அந்த லாரி ஒரு சீனத் தவுக்கேயுடையது. முதலாளியை எங்கள் பக்கத்தில் தவுக்கே என்போம். அப்பா அவரிடம் டிரைவராக இருந்தார். ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தவுக்கேயை விசாரணைக்கு என்று கூட்டிப்போனார்கள். அவர் திரும்பவில்லை. லாரி மட்டும் காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக் கொல்லையில், ரம்புத்தான் மரத்தடியில் நின்றுபோயிற்று. தவுக்கே எப்போதும் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். கனத்த உடம்பு. அவர் உட்கார்ந்த இடம் குழிந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தும் அந்தக் குழி மேலே எழவில்லை. மழைக்காலத்தில் இருக்கை முழுதும் பூசணம் பூத்தது, குழியில் மட்டும் பூக்கவில்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் அது வழுவழுவென்று இருந்தது. கண்ட இடத்தில் முட்டையிடும் எங்கள் கோழிகள் அந்த வண்டிக்குள் மட்டும் ஏறியதில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள், தலைமுறைகளுக்கு முன்பே தமிழை மறந்துவிட்ட மலாக்காச் செட்டி. நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், பேசுவதோ மலாய். வேலியோரம் வரும்போதெல்லாம் லாரியைப் பார்த்துவிட்டு, "தவுக்கே லாகி அடா டாலாம்" என்பார். தவுக்கே இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு நாள் சிப்பாய்கள் வந்து லாரியைச் சுற்றிப் பார்த்தார்கள். முகாமிலிருந்து பேட்டரி கொண்டுவந்து மாட்டினார்கள், பெட்ரோல் ஊற்றினார்கள். மூன்றாம் நாள் மதியத்துக்குள் வண்டி ஓட வேண்டும் என்றார்கள். ஓடினால் லாரியும் அதன் டிரைவரும் சயாமுக்கு, ரயில் பாதை போடும் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாகக் கேள்வியில்லை. ஓடாத வண்டி அவர்களுக்குத் தேவையில்லை. இதைப் பெரியவர்கள் எனக்குச் சொல்லவில்லை. நான் கண்டதெல்லாம், வண்டி கிளம்பாததற்காக ஒரு சிப்பாய் அப்பாவின் கன்னத்தில் அறைந்ததுதான்.

காவலுக்கு ஒரு சிப்பாய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். அப்பா பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தார். பெட்ரோல் வந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து எஞ்சின்மேல் வைத்து, மாமாவைச் சுற்றச் சொன்னார். மாமா வண்டிக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றினார். பிளக்கில் பொறி வரவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. அதன் முடிவில் ஒரு கனைப்பு. சுருட்டுப் பிடித்துப் பிடித்துத் தவுக்கே அப்படித்தான் கனைப்பார்.

"மச்சான், கோப்பி கலக்கி வச்சுப் பாப்பமா? குடிச்சிட்டு எறங்குனாலும் எறங்குவாரு" என்றார் மாமா.

"மெதுவாடா. அவரு காதுல விழப்போவுது."

அப்பா சிரிக்கவில்லை. குழிந்த இருக்கையைப் பார்த்து, "தவுக்கே, கொஞ்சம் மனசு வைங்க" என்று மலாயில் கேட்டார். காவல்காரச் சிப்பாய் எழுந்து நாலடி தள்ளிப்போய் உட்கார்ந்தான். எனக்கு வெயிலிலும் மயிர்க்கூச்செறிந்தது.

அந்த நாட்களில்தான் எங்கள் சாமி மேடையில் புதிதாக ஒரு மஞ்சள் துணி முடிப்பு இருந்தது. வேண்டுதலுக்குக் காசை மஞ்சள் துணியில் முடிந்துவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். என்னவென்று கேட்டேன்.

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு மாரியாத்தாளுக்கு முடிஞ்சது. கைய வச்சே, தோல உரிச்சிருவேன்" என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் மதியம் ஒரு அதிகாரி வந்தார். கூடவே கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு ஒரு சிப்பாய். அப்பா பிளக்கைக் காட்டினார், மாமா சுற்றினார், பெருமூச்சு வந்தது. கரண்டு வரவில்லை, மாற்றச் சாமானும் கிடைக்காது என்று அப்பா மலாயில் சொன்னார். அதிகாரி கைத்தடியால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே யோசித்தார். அடுத்த அறை விழப்போகிறது என்று எனக்குத் தோன்றியது.

பள்ளிக்கூடம் போகிற பெண்ணல்லவா, யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பிரச்சினை தவுக்கே. தவுக்கேயை இறக்க மாரியாத்தாள் போதும். உள்ளே ஓடி மஞ்சள் முடிப்பை எடுத்துவந்தேன். யாரும் தடுப்பதற்குள் லாரியில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குழியில் வைத்தேன். விரல் பட்ட இடம் சூடாக இருந்தது. வெயில் அந்தப் பக்கம் விழவில்லை.

அம்மா "ஐயோ" என்றாள். எண்ணெய்க் கறைச் சிப்பாய் எட்டி முடிப்பை எடுத்து அவிழ்த்தான். உள்ளே காசு இல்லை. பித்தளைத் தகடு பதித்த ஒரு சின்னக் கறுப்புத் துண்டு. அவன் நேராக எஞ்சினிடம் போய், மூன்று நாளும் அப்பா திறக்காத ஒரு மூடியைத் திறந்து, அந்தத் துண்டை உள்ளே வைத்தான். பிளக்குக்குக் கரண்டு போகிற வழியில் அது கச்சிதமாக உட்கார்ந்தது.

அதிகாரி மெல்ல அப்பாவின் பக்கம் திரும்பினார். கை இடுப்பு வாளுக்குப் போயிற்று.

அப்பா ஒரே எட்டில் வந்து என்னை அறைந்தார். என் வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அன்றுதான்.

"சனியனே! வெளயாட்டுச் சாமான்னு எடுத்து ஒளிச்சியா? ஒன்னாலதானே மூணு நாளா!" அதிகாரியிடம் திரும்பிக் கைகூப்பினார். "புடாக் மாயின், துவான். பிள்ளை விளையாடிட்டா, ஐயா."

"நான் எடுக்கலப்பா! பொய் சொல்லாதீங்க! அது அம்மா..."

இரண்டாவது அறை என் வாயின்மேலேயே விழுந்தது. அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். பிறகு அதிகாரி ஏதோ சொல்ல, எண்ணெய்க் கறைச் சிப்பாய் சிரித்தான். வாள் உறையிலேயே இருந்தது.

மாமா சுற்றினார். லாரி ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுக் கிளம்பியது.

ஒரு துணி மூட்டை கட்டுகிற நேரம்தான் கொடுத்தார்கள். அப்பா ஏறுமுன் சிப்பாய்கள் பின்பக்கம் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அவரை யாரும் பார்க்கவில்லை. அப்போதும் அவர் குழிந்த இருக்கையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். யாரோ நகர்ந்து இடம் கொடுக்கிறவரை காத்திருப்பதுபோல் கொஞ்சம் நின்றார். பிறகு ஏறினார். யாருக்காக அதைச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு வண்டியிலிருந்து தலையை நீட்டி என்னைத் தேடினார். நான் அம்மாவின் பிடியிலிருந்து நழுவிப்போய், குளியலறைத் தகரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மாடி" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அத்தனை பேர் முன்னால் என்னைத் திருடியாக்கியவருக்கு நான் ஏன் முகம் காட்ட வேண்டும்? சாயங்காலம் வந்து அவராகவே சமாதானம் சொல்லட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நான் அசையாமல் நின்றேன்.