காரணமில்லாத நடை

கோவில்பட்டியில் நான் கல்லூரியில் படித்த காலத்தில் அம்மா வீட்டுக்குள்ளேயே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு மெலிந்துவிட்டது, தினமும் காலை வெயிலில் நடக்கவேண்டும், இல்லையென்றால் அடுத்தது இடுப்புதான் என்றார் டாக்டர். மறுநாளே கட்டுப்போட்ட கையோடு அவளைத் தெருவில் இறக்கினேன். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு ஓடும் பெண்ணை எங்கள் தெரு ஏறிட்டும் பாராது. வேலையில்லாமல் நடப்பவளை விடாது.

"எங்க போறீய மதினி, கையும் கட்டுமா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"சும்மாதான் நடக்கேன்."

"சும்மாவா? வீட்டுல எதும் சண்டையா?"

அம்மா கூசிப்போய், இனி வரமாட்டேன் என்றாள். மறுநாள் காலி ஒயர்கூடையை அவளுடைய நல்ல கையில் மாட்டிவிட்டேன். "காய் வாங்கப் போறேன்" என்று அம்மா சொன்னதும் தெருவுக்கு நிம்மதி. கத்திரிக்காய்க்குக் கொடுக்கிற மரியாதையை ஒரு மனுஷியின் எலும்புக்குக் கொடுக்கத் தெரியாத ஜென்மங்கள். அம்மா தினமும் நடந்தாள். கூடை காலியாகவே திரும்புவதை ஒருத்தியும் கவனிக்கவில்லை.